மூளையின் ரத்தக் கட்டியை எடுக்கும் சிகிச்சை ஏன் நம் ஊரில் கிடைப்பதில்லை?

கேள்வி இது: "எங்கள் ஊரிலிருந்து மதுரை இரண்டு மணி நேரப் பயணம். போன மாதம் என் தாய்மாமாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கை கால் விழுந்துவிட்டது. உள்ளூரில் ஸ்கேன் எடுத்துவிட்டு மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கே போய்ச் சேர்ந்தபோது, 'கட்டியை எடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது, மூளைப் பகுதி செத்துவிட்டது' என்றார்கள். இவ்வளவு நல்ல சிகிச்சையை எல்லா மாவட்ட ஆஸ்பத்திரியிலும் ஏன் வைக்கக் கூடாது? இனி மாமாவுக்கு ஒன்றுமே செய்ய முடியாதா?"

பக்கவாத நோயாளிகளைப் பல வருடமாகப் பார்த்து வருகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். எல்லா மாவட்ட ஆஸ்பத்திரியிலும் இதை வைப்பது சரிவராது. ஏன் என்று கீழே சொல்கிறேன். ஆனால் எந்த மாவட்டத்தில் ஸ்ட்ரோக் வந்தாலும் நோயாளியை நேரத்துக்குள் இந்தச் சிகிச்சைக்கான மேசையில் படுக்க வைக்க முடியும். அதற்கு வேண்டியவற்றில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று கோக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

சிகிச்சை என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஸ்ட்ரோக்கில் ரத்தக் குழாய் வெடிப்பது ஒரு வகை, அடைத்துக்கொள்வது இன்னொரு வகை. அடைப்புதான் அதிகம். அடைப்பிலும் பெரிய குழாய் அடைபடுகிறவர்கள் ஒரு பகுதியினர்தான் என்றாலும், உயிர் போவதும் ஆயுளுக்கும் படுக்கையில் கிடப்பதும் அவர்களில்தான் அதிகம். நாலரை மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். ஆல்டிப்ளேஸ், டெனெக்டிப்ளேஸ் என்பவை அந்த மருந்துகள். சின்னக் குழாய் அடைப்பில் அவை நன்றாகவே கேட்கும். கழுத்துத் தமனியின் மேல்முனையிலோ, மூளையின் நடுத் தமனி தொடங்கும் இடத்திலோ நீளமான கட்டி உட்கார்ந்துவிட்டால் ஊசி பெரும்பாலும் போதாது. அங்கேதான் த்ராம்பெக்டமி, அதாவது கட்டியைக் கருவியால் இழுத்து எடுப்பது.

தொடை இடுக்குத் தமனியில் துளையிட்டு, மெல்லிய குழாயை நெஞ்சு வழியாகக் கழுத்துக்கும் அங்கிருந்து மூளைக்கும் ஏற்றுவார்கள். அடைபட்ட குழாயின் அகலம் சுமார் மூன்று மில்லிமீட்டர். எக்ஸ்ரே திரையில் அது பாதியில் வெட்டி விட்டதுபோல நிற்கும். நுண்குழாயைக் கட்டிக்குள் செலுத்தி மறுபக்கம் கொண்டுபோய், கம்பிவலை போன்ற ஸ்டென்ட்டை அங்கே விரிப்பார்கள். சில நிமிடங்கள் அசையாமல் காத்திருப்பார்கள். வலையின் கண்களுக்குள் கட்டி சிக்கிக்கொள்ள வேண்டும். பிறகு பின்னாலிருந்து உறிஞ்சிக்கொண்டே மெல்ல வெளியே இழுப்பார்கள். துணிமேல் வைத்துப் பார்த்தால் கருஞ்சிவப்பில் ஒரு சின்னத் துண்டு, சில சமயம் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. எக்ஸ்ரேயில் குழாயைக் காட்டும் சாயத்தை மறுபடி செலுத்தும்போது, வெட்டுப்பட்டு நின்ற குழாய் கிளைகிளையாக நிறைந்து வரும். மேசையிலேயே விரலை அசைத்துக் காட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. குழாயைத் திறந்தும் தேறாதவர்கள் உண்டு. மூளைக்குள் ரத்தம் கசிந்து நிலைமை மோசமானவர்களும் உண்டு.

இந்தச் சிகிச்சை பலன் தருமா என்ற சந்தேகத்துக்கு 2015லேயே முடிவு கிடைத்துவிட்டது. நெதர்லாந்தின் 'எம்.ஆர். கிளீன்' உட்பட ஐந்து ஆய்வுகள் அடுத்தடுத்து வெளிவந்தன. ஐந்தையும் சேர்த்து 1,287 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்தபோது, மூன்று மாதம் கழித்துத் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தவர்கள் கட்டி எடுக்கப்பட்டவர்களில் 46 சதவீதம், எடுக்கப்படாதவர்களில் 26.5 சதவீதம். ஏறத்தாழ மூன்று பேருக்குச் செய்தால் ஒருவருக்காவது ஊனத்தின் அளவு ஒரு படி குறைகிறது. இவ்வளவு பலன் தரும் சிகிச்சைகள் மருத்துவத்தில் அதிகம் இல்லை. 2018இல் 'டான்', 'டிஃப்யூஸ்-3' என்ற இரு ஆய்வுகள், மூளையில் இன்னும் காப்பாற்றக்கூடிய பகுதி மிச்சமிருப்பதாக ஸ்கேன் காட்டினால் 16 மணி நேரம், ஏன் 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம் என்று காட்டின.

இந்த 24 மணி நேரத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது எல்லோருக்கும் கிடைக்கும் அவகாசம் இல்லை. அடைபட்ட இடத்துக்குப் பக்கத்துக் கிளைகள் வழியாகக் கொஞ்சம் ரத்தம் வந்துகொண்டிருப்பவருக்குத்தான் மூளை அவ்வளவு நேரம் தாங்கும். அந்தக் கிளைகள் பலவீனமாக இருப்பவருக்கு மூன்று மணி நேரத்திலேயே எல்லாம் முடிந்துவிடலாம். உங்கள் மாமாவுக்கு நடந்தது அநேகமாக இதுதான். பெரிய குழாய் அடைபட்டால் சராசரியாக நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006இல் கணக்கிட்டார். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததிலிருந்து குழாய் திறப்பது வரையான நேரத்தில் 15 நிமிடம் மிச்சப்படுத்தினால், வெற்றிகரமாகக் குழாய் திறக்கப்பட்ட ஆயிரம் பேரில் 39 பேருக்கு ஊனம் குறைகிறது என்பதும் அதே ஐந்து ஆய்வுகளின் தரவிலிருந்து வந்த கணக்குதான்.

இனி, இது யாருக்குக் கிடைக்கிறது? 67 நாடுகளை அளந்த ஓர் ஆய்வு 2023இல் வெளியானது. த்ராம்பெக்டமி தேவைப்படுகிறவர்களில் அதைப் பெறுகிறவர்கள், நடுநிலை அளவாகப் பார்த்தால், வெறும் 2.79 சதவீதம். பத்து நாடுகளில் ஒருவருக்குக்கூடக் கிடைக்கவில்லை. பணக்கார நாடுகளிலும் நிலைமை பெருமைப்படும்படி இல்லை. ஸ்ட்ரோக் நோயாளிகளில் பத்தில் ஒருவருக்கு இதைக் கொடுப்போம் என்று இங்கிலாந்து அரசு 2019இல் திட்டம் அறிவித்தது. ஐந்து வருடம் கழித்தும் அந்த இலக்கில் பாதியைக்கூட எட்டவில்லை. பணமும் கருவியும் இருந்த இடத்திலும் இரவிலும் வார இறுதியிலும் செய்ய ஆள் இல்லை.

"நம்மைப் போன்ற நாட்டுக்கு இது கட்டுப்படியாகாது" என்று சொல்கிறவர்களுக்கு நான் காட்டுவது பிரேசிலை. அங்கே அரசு மருத்துவமனைகளில் மட்டுமே நடத்தப்பட்ட 'ரெசிலியன்ட்' ஆய்வு 2020இல் வெளியானது. கூட்டமும் நெருக்கடியும் நிறைந்த, நம் அரசு ஆஸ்பத்திரிகளை ஒத்த இடங்கள் அவை. 221 நோயாளிகளிலேயே பலன் தெளிவாகிவிட்டதால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். தன் காலில் நிற்கும் நிலைக்கு வந்தவர்கள் 35 சதவீதம். கட்டி எடுக்கப்படாத பக்கத்தில் 20 சதவீதம். பணக்கார நாட்டு எண்களைவிடக் குறைவுதான், ஆனால் இரு பக்கத்துக்கும் உள்ள இடைவெளி பெரியது. அந்த ஆதாரத்தை வைத்துத்தான் அங்கே பொதுச் சுகாதாரத் திட்டத்துக்குள் இந்தச் சிகிச்சையைக் கொண்டுவந்தார்கள். நம் நாட்டில் வருடத்துக்கு 12 லட்சத்துக்கு மேல் புதிதாக ஸ்ட்ரோக் வருகிறது. நமக்கும் அந்த முடிவை எடுக்கும் தேவை இருக்கிறது.

சரி, மாவட்டத்துக்கு ஒன்று ஏன் கூடாது? கேத் லேப், அதாவது எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி குழாய்க்குள் கருவி செலுத்தும் அறை, வாங்குவது இருப்பதிலேயே சுலபமான வேலை. அதற்குள் நிற்க வேண்டியவர்கள்தான் சிரமம். 24 மணி நேரமும் இயங்க, சுழற்சி முறையில் இப்படிக் குழாய் வழியாகச் சிகிச்சை செய்யும் நரம்பியல் இன்டர்வென்ஷன் நிபுணர்கள் மூன்று நான்கு பேராவது வேண்டும். மயக்க மருத்துவர், டெக்னீஷியன், நர்ஸ், பின்னர் கவனிக்க ஸ்ட்ரோக் ஐசியூ எல்லாம் அதற்கு மேல். இவ்வளவையும் கூட்டி வைத்தபின், மாதத்துக்கு ஒன்றிரண்டு நோயாளிதான் வருவார்கள் என்றால் கைப்பழக்கம் போய்விடும். எண்ணிக்கை குறைந்த மையங்களில் முடிவுகள் மோசமாக இருப்பதைப் பல நாடுகளின் பதிவேடுகள் காட்டுகின்றன. 38 மாவட்டத்துக்கும் 38 அரைகுறை மையங்கள் வைப்பதைவிட, சென்னை, மதுரை, கோவை, திருச்சி, சேலம், நெல்லை, தஞ்சை, வேலூர் போன்ற இடங்களில் இரவு பகல் பாராமல் இயங்கும் எட்டு பத்து அரசு மையங்கள் போதும் என்பது என் கருத்து. இதயப் பிரிவின் கேத் லேபைப் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் இதய மருத்துவரே மூளைக்குழாயிலும் கை வைக்கலாமா என்றால், முறையான தனிப் பயிற்சி இல்லாமல் கூடாது.

மீதி எல்லா ஊரிலும் வேண்டியது மூன்று: இரவிலும் ஓடும் சி.டி. ஸ்கேன், கரைக்கும் ஊசி, போனை எடுக்கும் ஒரு நிபுணர்.

இப்போது நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். நான் சொல்வது ஒரு குறிப்பிட்ட ஆளின் கதை அல்ல, திரும்பத் திரும்பப் பார்ப்பது. காலை ஆறு மணிக்கு வாய் கோணுகிறது, கை தொங்குகிறது. "வாயுவா இருக்கும், கொஞ்சம் படு" என்று தைலம் தேய்க்கிறார்கள். புறா ரத்தம் தடவினால் சரியாகும் என்று சொல்ல ஒருவர் வருவார். பக்கத்து கிளினிக்கில் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுப்பார்கள். எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி, அங்கே ஸ்கேன் மெஷின் இல்லை. வெளியே எடுத்து வரச் சொல்வார்கள். ஒன்பதேகாலுக்குப் படம் கையில். அது சாதா சி.டி.; அதில் ரத்தக் கசிவு இல்லை என்று தெரியும், எந்தக் குழாய் அடைபட்டது என்று தெரியாது. பெரிய ஊருக்கு அனுப்ப முடிவு செய்து, வண்டி கிடைத்துக் கிளம்பப் பத்தரை. பன்னிரண்டரைக்குப் போய் இறங்கினால், அங்கே முதலிலிருந்து ஓ.பி. சீட்டு, முதலிலிருந்து ஸ்கேன். அதன்பின் பணத்துக்கு ஏற்பாடு. சாலையில் கழிந்தது இரண்டு மணி நேரம். கட்டடங்களுக்குள்ளும் வாசல்களிலும் வீட்டிலும் கழிந்தது நாலரை மணி நேரத்துக்கும் மேல்.

இது நம் ஊர்ச் சாபம் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்ட்ரோக் நோயாளிகளைப் பார்த்ததில், முதல் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து அடுத்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு ஆன நேரத்தின் நடுநிலை அளவு 174 நிமிடம். பயண நேரம் இதில் சேராது. அதனால்தான் முதல் ஆஸ்பத்திரியை எப்படி இயக்குகிறோம் என்பதில் எனக்கு இவ்வளவு பிடிவாதம். ஸ்பெயினின் கேட்டலோனியாவில் 'ரேஸ்கேட்' என்ற ஆய்வு செய்தார்கள். நகரத்துக்கு வெளியே ஸ்ட்ரோக் வந்தவரை அருகில் உள்ள ஸ்ட்ரோக் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா, தூரத்து த்ராம்பெக்டமி மையத்துக்கு நேராகவே கொண்டுபோவதா என்பது கேள்வி. இறுதியில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. முதல் ஆஸ்பத்திரி சுறுசுறுப்பாக ஊசி போட்டு உடனே அனுப்பிவைக்கும் பழக்கம் அங்கே ஊறியிருந்தது அதற்கு முக்கியக் காரணம்.

ஜெர்மனியின் பவேரியாவில் இன்னும் துணிச்சலாக ஒன்று செய்தார்கள். நோயாளியை நகரத்துக்கு அழைத்து வருவதற்குப் பதிலாக, மியூனிக்கிலிருந்து சிகிச்சைக் குழுவே ஹெலிகாப்டரில் சிற்றூர் ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. த்ராம்பெக்டமி செய்வது என்று முடிவெடுத்ததிலிருந்து தமனியில் துளையிடும் வரை ஆன நேரம் 148 நிமிடத்திலிருந்து 58 நிமிடமாகக் குறைந்தது. இதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. ஆனால் எதை நகர்த்தினால் நேரம் மிச்சம் என்று யோசிக்கும் அந்தப் புத்தி நமக்கும் வேண்டும். அசாமில் திப்ருகரிலும் தேஜ்பூரிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சி.டி. ஸ்கேன் பொருத்திய வண்டியை நோயாளியின் ஊருக்கே அனுப்பிப் பார்த்தது. இமாசலப் பிரதேசத்தில் 2014 முதல், நரம்பியல் மருத்துவர் இல்லாத மாவட்ட ஆஸ்பத்திரிகளில் பொது மருத்துவர்களே, ஸ்மார்ட்போனில் ஸ்கேன் படத்தை நிபுணருக்கு அனுப்பி, அவர் சொல்படி ஊசி போடுகிறார்கள். மருந்தை அரசு இலவசமாகக் கொடுத்தது. மலைப்பாதையில் முடிந்தது சமவெளியில் முடியாதா?

தமிழ்நாட்டுக்கு இதில் சொந்த அனுபவமே இருக்கிறது. மாரடைப்புக்காக 2012 முதல் 2014 வரை இங்கே ஒரு சோதனை நடந்தது. கோவையின் இதய மருத்துவர் தாமஸ் அலெக்ஸாண்டர் முன்னின்று நடத்தியது. சின்ன ஆஸ்பத்திரிகளைக் கேத் லேப் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளோடு நான்கு தொகுப்புகளாக இணைத்தார்கள். 108 ஆம்புலன்ஸும் அரசுக் காப்பீடும் அதோடு சேர்க்கப்பட்டன. ஈ.சி.ஜி. முதலிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடும், நோயாளி பிறகு போவார். 2,420 நோயாளிகளைப் பார்த்ததில், ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். ஸ்ட்ரோக்குக்கும் இதே அமைப்புதான் தேவை. ஈ.சி.ஜி. இருந்த இடத்தில் சி.டி. ஆஞ்சியோ (சாயம் செலுத்தி ரத்தக் குழாய்களைக் காட்டும் ஸ்கேன்), அவ்வளவுதான். விபத்து, மாரடைப்பு, ஸ்ட்ரோக் எல்லாவற்றுக்குமான அரசின் அவசர சிகிச்சைத் திட்டம் காகிதத்திலும் பல ஊர்களில் நடைமுறையிலும் இருக்கிறது. அதில் ஸ்ட்ரோக்கின் கடைசிக் கண்ணியான த்ராம்பெக்டமியை எல்லாத் தொகுப்புக்கும் இரவு நேரத்துக்கும் நீட்ட வேண்டும்.

நடைமுறையில் சின்னச் சின்ன விஷயங்கள்தான் பெரிய பலன் தரும். கை விழுந்ததோடு கண் இரண்டும் ஒரு பக்கமே திரும்பி நின்றால், பேச்சு முழுவதும் நின்றுபோனால், அது பெரிய குழாய் அடைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். இதை 108 ஊழியர் வண்டியிலிருந்தே போனில் சொல்லிவிடலாம். முதல் ஆஸ்பத்திரியில் சாதா ஸ்கேன் எடுக்கும்போதே சாயம் செலுத்தி ஆஞ்சியோவும் எடுத்துவிட வேண்டும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரிசல்ட் வரட்டும் என்று அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அழைத்து வந்த ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பாமல் வாசலிலேயே நிறுத்தி வைத்தால், அடுத்த வண்டிக்காகக் காத்திருக்கும் நேரம் மிச்சம். பெரிய ஆஸ்பத்திரியில், நோயாளி வருவதற்குள் படத்தைப் பார்த்து முடித்திருந்தால் நேராகக் கேத் லேபுக்கே கொண்டுபோகலாம்.

பிறகு பணம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் கருவிகளுக்கே லட்சக் கணக்கில் ஆகிறது. நள்ளிரவில் ஐசியூ வாசலில் ஒரு குடும்பத்திடம் சில லட்சத்தைச் சொல்லி, "யோசித்துச் சொல்லுங்கள்" என்பது எவ்வளவு கொடுமை என்று அங்கே நின்றவர்களுக்குத்தான் தெரியும். அக்கா நகையைக் கழற்றுவார், தம்பி ஊருக்குப் போன் போடுவார். அதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு, காப்பீட்டு அட்டை இருக்கிறதா இல்லையா என்று கேட்காமல் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் கொடுக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தை 2021 டிசம்பரில் தமிழ்நாடு தொடங்கியது. அதே விதியை பெரிய குழாய் அடைப்புக்கும் நீட்ட வேண்டும் என்பது நான் எங்கே பேசினாலும் வைக்கும் கோரிக்கை. முதலில் குழாயைத் திறப்போம், அட்டையும் ஒப்புதலும் காலையில் வரட்டும். ஆயுள் முழுக்க ஒருவரைப் படுக்கையில் வைத்துப் பார்க்கும் செலவையும், அவரைப் பார்த்துக்கொள்ள வேலையை விடும் மனைவி அல்லது மகளின் வருமானத்தையும் கூட்டினால், அரசுக்கும் வீட்டுக்கும் இதுவே மலிவு. உள்நாட்டிலேயே கருவிகள் தயாராகத் தொடங்கினால் விலை இறங்கும். இதய ஸ்டென்ட்டுக்கு மத்திய அரசு 2017இல் விலை உச்சவரம்பு வைத்தபின் என்ன ஆனது என்று நாம் பார்த்தோம்.

உங்கள் குடும்பத்தில் இன்னொருவருக்கு வந்தால் தடுமாறாமலிருக்க, இப்போதே இரண்டு விஷயங்களை விசாரித்து வையுங்கள்: உங்கள் ஊரில் இரவு இரண்டு மணிக்கும் சி.டி. எடுக்கும் ஆஸ்பத்திரி எது, உங்களுக்கு மிக அருகில் த்ராம்பெக்டமி செய்யும் இடம் எது. ஸ்ட்ரோக் வந்தவருக்கு வாயில் தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். விழுங்கும் சக்தி போயிருந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தூக்கத்தில் வந்திருந்தால், படுக்கப் போனபோது எப்படி இருந்தார் என்பதைச் சொல்லுங்கள். "தூங்கி எழுந்தபோதே இப்படி இருந்தது, அதனால் ஒன்றும் செய்ய முடியாது" என்று யாராவது சொன்னால், ஸ்கேனைப் பார்த்து முடிவு சொல்லும்படி கேளுங்கள்.

மாமாவுக்கு இனி கட்டியை எடுப்பதால் பயனில்லை, அது உண்மை. ஆனால் முதல் மூன்று மாதங்களில்தான் மூளை மிக வேகமாக மீண்டும் கற்றுக்கொள்ளும். பிசியோதெரபியை வாரத்துக்கு ஒருநாள் என்று வைக்காமல் தினமும் செய்யுங்கள். பேச்சு குழறினால் பேச்சுப் பயிற்சியாளரைத் தேடுங்கள்; விழுங்குவதில் சிரமம் இருந்தால் அதற்கும் அவர்தான். கட்டி எங்கிருந்து வந்தது என்று பார்த்தார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால் இதயத்திலேயே கட்டி உருவாகி மேலே போகும். ஒருமுறை எடுத்த ஈ.சி.ஜி.யில் அது தெரியாமலும் போகலாம், ஒரு நாளோ அதற்கு மேலோ, இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை மாட்டிப் பார்க்க வேண்டும். அது இருப்பது உறுதியானால் ஆஸ்பிரின் மட்டும் போதாது, ரத்தம் உறையாமல் தடுக்கும் வேறு மாத்திரை வேண்டும். கழுத்துத் தமனியில் டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எடுத்து, அடைப்பு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த முறை போகும்போது பழைய ஸ்கேன் படங்களையும் டிஸ்சார்ஜ் காகிதத்தையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.